புகைக்கரியும் பொன்வண்டுப் பச்சையும்: ஆர்பிங்டன் கோழியின் இறகு லட்சணம் பற்றி ஒரு விசாரணை

1. விசாரணையின் பொருள்

கோலார்த் தங்கவயலில், சாம்பியன் ரீப் பக்கத்து லைன் வீடுகளுள் ஒன்றின் வாசலில், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், மூன்று பிளாஸ்டிக் தொட்டிகளை வரிசையாக வைத்துக்கொண்டு, சுரங்கப் பட்டறையில் ஃபிட்டராக இருந்து 2001ஆம் ஆண்டு பிப்ரவரி மாதக் கடைசியில் சுரங்கத்தோடு தம் வேலையும் மூடப்பட்டவரான நண்பர் ஒருவர், கோழியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்ததைக் காண நேர்ந்தது. முதல் தொட்டியில் பூந்திக்கொட்டை ஊறிய வெதுவெதுப்பான நீர். இரண்டாவதில் தெளிந்த நீர். மூன்றாவதில் சில துளி வினிகர் விட்ட நீர். கோழியோ நெய்யில் வறுத்த ரவையின் நிறமுடைய ஆர்பிங்டன் பெட்டை. தொட்டியில் இறங்கும்வரை ஒரு தலையணை அளவு பருத்துத் தோன்றிய அது, நனைந்த மாத்திரத்தில் பாதியாகச் சுருங்கி, கழுத்து நீண்டு, வெட்கப்பட்டதுபோல் நின்றது. "பாத்தீங்களா சார், இதுல பாதி வெறுங் காத்து" என்றார் நண்பர்.

அந்தக் காற்றுக்குத்தான் கண்காட்சிகளில் பரிசு கிடைக்கிறது. பிரம்மா, கொச்சின், சில்க்கி முதலிய 'ஃபேன்ஸி' கோழிகளோடு ஆர்பிங்டனையும் வளர்க்கும் அன்பர்கள் இன்று பெங்களூரிலும் தமிழ்நாட்டின் பல ஊர்களிலும் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சில் மிகுதியாக அடிபடும் சொல் 'குவாலிட்டி' என்பது; இறகில் குவாலிட்டி இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் வேறு விலை. இந்தத் தரம் என்பது யாது, அதை நிர்ணயித்தவர் யார், கென்ட் மாவட்டத்துக் குளிரிலே வகுக்கப்பட்ட ஒரு லட்சணம், கடல் மட்டத்துக்குச் சுமார் 2,800 அடி உயரத்தில், மழை அரிதாகிய இந்தப் பீடபூமியின் வெயிலிலும் புழுதியிலும் செல்லுபடியாகுமா என்பதே இங்கு விசாரிக்கப் புகுந்த பொருள்.

இதுபற்றி இரண்டு அபிப்பிராயங்கள் வழக்கில் உள்ளன. இங்கிலாந்துக் கோழிச் சங்கத்தார் எழுதிவைத்த லட்சண நூலே பிரமாணம், அதிலிருந்து விலகிய பறவை ஜாதி கெட்ட பறவை என்பர் வளர்ப்போருள் பலர். கால்நடைத் துறையைச் சார்ந்தவர்களோ, முட்டையும் மாமிசமும் அன்றிக் கோழிக்கு வேறு பிரயோஜனம் ஏது, இறகை ஆராய்வது பொழுதுபோகாதவன் வேலை என்று ஒரே வாக்கியத்தில் தள்ளிவிடுவர். ஒன்றுக்கொன்று நேர் விரோதமான இவ்விரு கட்சியாரும், அக்கோழி எப்படிப் பிறந்தது என்ற சரித்திரத்தைக் கவனியாமல் விட்டதில் மட்டும் ஒத்துப்போகிறார்கள் என்பது என் கருத்து.

2. வண்டிக்காரர் உண்டாக்கிய கோழி

வில்லியம் குக் (1849-1904) குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தவர். பின்னர் கென்ட் மாவட்டத்தில் ஆர்பிங்டன் என்னும் ஊரில் கோழிப் பண்ணை வைத்து, 1886இல் தாம் உண்டாக்கிய புதிய கறுப்புக் கோழிக்கு அவ்வூர்ப் பெயரையே சூட்டியவர். மத்தியதரைக் கடற் பக்கத்து மினார்க்காச் சேவலை, பிளிமத் ராக் ஜாதியில் தப்பிப் பிறந்த கறுப்புப் பெட்டைகளோடு சேர்த்து, அவற்றின் பெட்டைக் குஞ்சுகளைச் சீனத்து லாங்ஷான் சேவலோடு சேர்த்துக் கண்ட கலப்பு அது. நல்ல முட்டையும் நல்ல மாமிசமும் ஒரே உடலில் கிடைக்கவேண்டும் என்பது அவர் நோக்கம்.

நிறத்தைக் கறுப்பாகத் தேர்ந்ததற்குச் சொல்லப்படும் காரணம்தான் நம் விசாரணைக்கு முக்கியமானது. நிலக்கரிப் புகை கவிந்த லண்டன் நகரத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும், வெளுத்த இறகுள்ள கோழி எதுவும் சில நாளிலேயே அடுப்பங்கரைத் துணிபோல ஆகிவிடும். கரியின் அழுக்குத் தெரியாத கோழி வேண்டுமானால் அது கரியின் நிறத்திலேயே இருக்கவேண்டும் என்று கண்டார் அந்த வண்டிக்காரர். ஆகவே ஆர்பிங்டனின் முதல் இறகு லட்சணம் கண்காட்சி மண்டபத்தில் பிறக்கவில்லை. ஊர்க் காற்றைப் பார்த்துச் செய்த யுக்தியாகப் பிறந்தது. இதை நாம் மறவாதிருப்போமாக.

கண்காட்சியோ அதற்கு முன்பே வளர்ந்து நின்றது. 1835ஆம் ஆண்டுச் சட்டமும் 1849ஆம் ஆண்டுச் சட்டமும் சேவற்போரை இங்கிலாந்தில் குற்றமாக்கவே, சேவலின் மீது பணத்தையும் பெருமையையும் வைத்துப் பழகியவர்கள் களத்தை விட்டுக் கூண்டின் பக்கம் திரும்பினர். 1845இல் லண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் ஒரு கோழிக் கண்காட்சி நடந்தது. 1865இல் முதல் லட்சண நூல் அச்சாயிற்று. இடையில், கொச்சின் என்று பெயரிட்டுச் சீனத்திலிருந்து வந்திறங்கிய பெருங்கோழிகள், கால்விரல்வரை இறகு மூடிய கோலத்தில் விக்டோரியா ராணியாரின் பண்ணையை அலங்கரித்து, நாடு முழுவதும் ஒரு கோழிப் பித்தையே கிளப்பிவிட்டன. நம் கொச்சிக்கும் அந்தக் கோழிக்கும் சம்பந்தம் எதுவும் இல்லை. கப்பல்காரர்களின் பூகோள ஞானம் அவ்வளவே.

1891இல் ஜோசப் பார்ட்டிங்டன் என்பவர் லண்டன் பால்பண்ணைக் கண்காட்சிக்குக் கொண்டுவந்த கறுப்பு ஆர்பிங்டன்கள், குக்கின் கோழியைவிடப் பெரியவையாயும், இறகு நீண்டு தளர்ந்து தரையை நெருங்குபவையாயும் இருந்தன. லாங்ஷானோடு கொச்சினையும் கலந்து இது செய்யப்பட்டது என்று அக்காலத்துக் கோழி நூலோர் கூறுவர். நடுவர்கள் மயங்கினர், வளர்ப்போர் பின்தொடர்ந்தனர். சில ஆண்டுகளுக்குள், ஆர்பிங்டன் என்றால் பஞ்சு மூட்டை போன்ற பறவை என்பதே ஸ்திரமான லட்சணமாயிற்று. முட்டை குறைந்ததைப் பற்றிக் கவலைப்பட அங்கே நடுவர் எவரும் இல்லை.

ஆனால் குக்கின் பழைய கறுப்புக் கோழிகள் கப்பலேறி ஆஸ்திரேலியாவை அடைந்திருந்தன. அங்கே இறகுப் போட்டியைவிட முட்டைப் போட்டிக்கே மதிப்பு மிகுதி. இறகு இறுகிய, முட்டை மிகுந்த பெட்டைகளையே பொறுக்கிப் பொறுக்கி வளர்த்ததன் பயனாக, 1922-23இல் நடந்த ஒரு போட்டியில் ஆறு பெட்டைகள் 365 நாளில் 1,857 முட்டைகள் இட்டன. சராசரி ஒன்றுக்கு 309½. அந்தக் கிளைக்கு ஆஸ்திரலார்ப் என்று பெயராயிற்று. இந்தியாவுக்கும் அது வந்தது. நம் அரசாங்கப் பண்ணைகளில் அதனை வெள்ளை லெகார்னோடு கலந்து ஆஸ்ட்ரோ-ஒயிட் என்ற கிராமக் கோழியை உண்டாக்கினார்கள். நண்பரின் தொட்டியில் நின்ற பொன்னிறப் பெட்டையும், அரசாங்கப் பண்ணையில் நம் தந்தையர் பார்த்த கறுப்புக் கோழியும் பங்காளிகள் என்று சொல்லத் தோன்றும்.

ஆயினும் அங்கே ஒரு தடை உண்டு. குக் 1894இல் வெளியிட்ட பொன்னிற ஆர்பிங்டனுக்கும் கறுப்புக்கும் இரத்த சம்பந்தம் கிடையாது. ஹாம்பர்க், டார்க்கிங், பொன்னிறக் கொச்சின் ஆகிய மூன்றையும் கலந்து அதனைச் செய்ததாக அவர் சொன்னார். லிங்கன்ஷயர் பக்கத்தில் குடியானவர்கள் முன்பே வளர்த்துவந்த பொன்னிறக் கோழிக்குப் புதுப் பெயர் சூட்டி விற்றுவிட்டார் என்று அவருடைய எதிரிகள் சொன்னார்கள். இவ்வழக்கில் எதிரிகள் பக்கமே நியாயம் மிகுதி என்று எனக்குப் படுகிறது; பெயர் விற்கும் வித்தையைக் குக் நன்கு அறிந்தவர். எப்படியாயினும், வம்சம் வேறான கோழிகளுக்கு ஒரே பெயரும் ஒரே உருவ லட்சணமும் கிடைத்தன. நூல் சொல்லும் 'ஆர்பிங்டன் இறகு' என்பது இரத்தத்தில் வந்த குணம் என்று கொள்வதற்கு இடமில்லை. வெவ்வேறு இரத்தங்களின்மேல் ஒரே அச்சை வைத்து அழுத்தியதன் விளைவு அது.

3. இறகைப் பிரித்துப் பார்த்தல்

நடுவர் கோழியைக் கையில் எடுத்தால் முதலில் இறக்கையை விசிறிபோல் விரிப்பார். வெளிப்புறத்தில் முதன்மை இறகுகள் பத்து. உட்புறத்தில் இரண்டாம் வரிசை. இரண்டுக்கும் நடுவே அச்சிறகு எனப்படும் ஒரு குட்டை இறகு. ஒன்றேனும் முறிந்திருந்தாலும், பொன்னிறக் கோழியின் இறக்கையில் மிளகுத்தூள் தெறித்ததுபோல் கறுப்புக் காணப்பட்டாலும் மதிப்பெண் போயிற்று. பிறகு முதுகின்மேல் ஊதி இறகைப் பிளந்து, தோல்வரை நிறம் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். மேலே பொன்னாயிருந்து அடியில் சாம்பல் பூத்திருந்தால், அது வெளிப்பூச்சு என்று தள்ளப்படும். பட்டுச் சேலையின் முந்தானையைப் புரட்டிப் பார்க்கும் காஞ்சிபுரத்துக் கைகளை நினைத்துக்கொள்ளலாம்.

கறுப்புக் கோழியின் பரீட்சை வேறு. நல்ல கறுப்பு என்பது கறுப்பாக மட்டும் இருப்பது அன்று. வெயிலில் திருப்பினால் பொன்வண்டின் முதுகுபோல் பச்சை ஒளி வீசவேண்டும். இந்தப் பச்சை எந்தச் சாயத்தாலும் வருவதன்று. இறகின் நுண்ணிய கிளைகளுக்குள் மெலனின் என்னும் கருநிறத் துணுக்குகள் அடுக்கடுக்காக ஒழுங்குபட அமைந்திருக்கும்போது, ஒளி அவ்வடுக்குகளில் பட்டு மீண்டு பச்சையாகத் தோன்றுகிறது. அடுக்குக் கலைந்தால் ஊதாப் பட்டைகள் தோன்றும், அது பெருங்குற்றம். பிறப்பினாலும் அது வரும், இறகு முளைக்குங்காலத்து நோயினாலும் பசியினாலும் வரும். ஆகவே கறுப்பு இறகின் பச்சையொளியில், பறவை சில மாதங்களுக்கு முன் எப்படி உண்டது, எப்படி இருந்தது என்ற செய்தியும் அடங்கியிருக்கிறது.

இறகில் பத்தில் ஒன்பது பங்கு கெராட்டின் என்னும் புரதம். அதற்குக் கந்தகம் கலந்த அமினோ அமிலங்கள், முக்கியமாக மெத்தியோனின், வேண்டும். கோலார் வட்டாரத்தில் எளிதில் கிடைப்பது நிலக்கடலைப் பிண்ணாக்கு. அதில் புரதம் ஏராளம், மெத்தியோனின் சொற்பம். எள்ளுப் பிண்ணாக்கில் அது மிகுதி. நண்பர் இந்த ரசாயனத்தை எங்கும் படித்தவரல்லர். இறகு உதிர்ந்து புதிதாக முளைக்கும் காலத்தில் கேழ்வரகோடு எள்ளுப் பிண்ணாக்கையும் கருவாட்டுத் தூளையும் பிசைந்து வைப்பது அவர் தாயார் நாட்டுக்கோழிக்குச் செய்துவந்த வழக்கம். "கடலைப் புண்ணாக்கு மட்டும் போட்டா ரெக்கை வரும், ஆனா மினுமினுப்பு வராது" என்றார். அந்த வாக்கியத்தை ஒரு கோழித் தீவன நூலின் தலைப்பாகவே இடலாம்.

வர்ணத்தின் பரம்பரை விதிகளை விரித்தால் கட்டுரை வளரும், ஒன்றிரண்டு போதும். பொன்னிறத்தையும் வெள்ளிநிறத்தையும் வகுக்கும் ஜீன், பாலை நிர்ணயிக்கும் இழையிலே இருப்பதனால், பெட்டைக் குஞ்சு அதனைத் தந்தையிடமிருந்து மாத்திரமே பெறும். பெட்டைகளின் நிறம் கெட்டதற்குத் தாயைப் பழிப்பவர்கள் சேவலை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. சேவலின் மார்பு நிறத்துக்குப் பெட்டையின் உடல் நிறம் ஒத்துவரவேண்டும் என்பது பழைய வளர்ப்போரின் கணக்கு.

தோலைப் பற்றியது இன்னொன்று. ஆர்பிங்டனின் தோல் வெண்மையாக இருக்கவேண்டும். மஞ்சள் கால் பெருங்குற்றம். வளர்ப்புக் கோழிகளில் காணும் மஞ்சள் தோலுக்குரிய ஜீன், செங்காட்டுக்கோழியிடமிருந்து வந்ததன்று, தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. அது ஒடுங்குகுணம் உடையது, வெண்தோல் முன்னிற்பது. ஆர்பிங்டனை மஞ்சள் காலுடைய நாட்டுக்கோழியோடு சேர்த்தால் முதல் தலைமுறை வெண்கால்களோடு நல்ல பிள்ளைபோல் நிற்கும். அதனைத் தம்முள் சேர்த்தால் நாலில் ஒன்று மஞ்சளாகக் கிளம்பும். சுத்த ஜாதி என்று சந்தையில் விற்ற தாயின் ரகசியத்தைப் பேரக்குஞ்சின் கால்கள் வெளியிட்டுவிடுகின்றன. சாட்சி சொல்வது நம் நீலகிரிக் காடு என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம் உண்டு.

4. தங்கவயலின் காற்று

1880இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் கம்பெனியார் கோலாரில் கால்வைத்தபோது, அவர்களோடு வந்த சுரங்க நிபுணர்களுள் கார்ன்வால் நாட்டார் பலர். தகரமும் செம்பும் வெட்டிப் பழகிய அந்த நாட்டில், நம் அசில் சேவலின் இரத்தத்தைக் கொண்டு 'இண்டியன் கேம்' என்றொரு கோழி அதற்கு முன்பே உருவாகியிருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேவித்த சர் வால்டர் கில்பர்ட் அதனைத் தொடங்கினார் என்பது கர்ண பரம்பரை. கார்னிஷ் என்று பிற்காலத்தில் பெயர் மாறிய அந்தக் கோழியையும் வெள்ளைப் பிளிமத் ராக்கையும் சேர்த்தே இன்றைய பிராய்லர் உண்டாயிற்று. ராபர்ட்சன்பேட்டையில் கடைதோறும் தலைகீழாகத் தொங்கும் வெள்ளைக் கோழியில், கார்ன்வாலுக்குப் போய்த் திரும்பிய நம்மூர்ச் சண்டைச் சேவலின் மார்புச் சதை இருக்கிறது. அதன் இறகு வெள்ளையானதற்கும் காரணம் உண்டு: பிடுங்கியபின் தோலில் எஞ்சும் முளையிறகு வெள்ளையாயிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆக, அதுவும் ஓர் இறகு லட்சணமே. அங்கே நடுவர் கசாப்புக்கடைக்காரர். நேர் மாறாக, புறக்கடை வளர்ப்புக்கென்று பெங்களூர் விவசாயப் பல்கலைக்கழகத்தார் உண்டாக்கிய கிரிராஜாவுக்குப் பலநிற இறகு இருப்பது, பருந்தின் கண்ணுக்குத் தப்பவும், நாட்டுக்கோழிபோல் தோன்றி நல்ல விலை பெறவும் உதவுகிறது.

இனி ஊரின் காற்றுக்கு வருவோம். நூற்றிருபது வருஷ காலம் பாறையை அரைத்துத் தங்கத்தைக் கரைத்தெடுத்தபின் கொட்டிய சக்கை, மூன்று கோடி டன்னுக்கு மேல், சயனைடு மேடுகளாக ஊர் நடுவே நிற்கிறது. காற்றுக் காலத்தில் அந்த வெளிறிய நுண்பொடி வீட்டுக்குள்ளும் சோற்றிலும் கண்ணிலும் இறங்கும். கோழியை மட்டும் விட்டுவைக்குமா? லண்டனில் கரி கறுப்பாயிருந்தபடியால் கறுப்புக் கோழி தேறியது. இங்கே புழுதி சாம்பல் வெளுப்பாதலின், கறுப்புக் கோழிதான் முதலில் அழுக்காகத் தெரியும். பொன்வண்டுப் பச்சை, மாவு பூசிய கரும்பலகைபோல் ஆகிவிடும். குக் சாம்பியன் ரீப்பில் பிறந்திருந்தால் கறுப்பைத் தேர்ந்திருக்கமாட்டார் என்று துணிந்து சொல்வேன். பொன்னிறமும், சாம்பலில் வரிவரியாகப் பட்டை விழுந்த குயில் நிறமும் இவ்வூர்ப் புழுதிக்குப் பொருந்தியவை.

வெயில் மற்றொரு சத்துரு. பொன்னிறம் வெயிலில் வெளுத்துத் திட்டுத் திட்டாகும். வெள்ளை பித்தளைபோல் மஞ்சள் பாரிக்கும், மஞ்சள் மக்காச்சோளம் அதற்கு உடந்தை. கறுப்புத் துருவேறியதுபோல் பழுக்கும். ஆகவே கண்காட்சிக்குரிய பறவையை நிழலிலே அடைத்துவைக்கவேண்டும் என்பது விதி. ஆனால் வெயிலில் இறக்கையை விரித்துக் கிடப்பதும், சாம்பலில் புரண்டு பேனை உதிர்ப்பதும் கோழியின் சுபாவம். அதைத் தடுத்தால் பேன் பிடித்து இறகைத் தின்கிறது. நண்பர் காலை எட்டுமணிவரை விட்டு, பிறகு கீற்றுப் பந்தலுக்குள் வைத்துவிடுகிறார். பந்தலுக்குள் வேப்பிலைப் பொடி கலந்த அடுப்புச் சாம்பல் ஒரு பழைய டயருக்குள் நிரப்பி வைக்கப்பட்டிருக்கிறது.

இதைவிடச் சூட்சுமமான பேதம் பகலின் நீளத்தில் இருக்கிறது. கோழி ஆண்டுக்கொருமுறை இறகு உதிர்ப்பதற்குப் பகல் சுருங்குவதே முக்கியமான தூண்டுதல். கென்ட்டில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் ஏறத்தாழ ஒன்பது மணி வித்தியாசம். எனவே எல்லாக் கோழிகளும் சற்றேறக்குறைய ஒரே காலத்தில் உதிர்த்து, இலையுதிர் காலத்தின் கடைசியில் புத்தாடையோடு கண்காட்சிக்கு வந்து நிற்கும். பதின்மூன்றாவது பாகையிலுள்ள நம் பகுதியில் அந்த வித்தியாசம் ஒன்றரை மணிக்குச் சற்று மேல். கோழிகள் ஆளுக்கொரு மாதத்தில், சில அரையும் குறையுமாக, உதிர்க்கின்றன. ஒரே நாளில் நூறு பறவைகளை நிறுத்தி எதன் இறகு சிறந்தது என்று கேட்பது, இங்கே, எது மிகச் சமீபத்தில் உதிர்த்தது என்று கேட்பதாகவே பெரும்பாலும் முடிகிறது.

எல்லாவற்றிலும் பெரிய தடை அந்தப் 'பாதிக் காற்று'தான். தளர்ந்த இறகுகளுக்கு இடையே அடைபட்ட காற்று குளிர் நாட்டில் கம்பளி, இங்கே சிறை. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. கொண்டையாலும் தாடியாலும் கால்களாலும், வாயைத் திறந்து இரைப்பதாலுமே சூட்டை வெளியேற்றவேண்டும். நான்கரைக் கிலோ எடையுள்ள சேவல், சித்திரை மாதத்துப் பகல் இரண்டு மணிக்கு, கம்பளி போர்த்தி நிற்பதைக் கண்டவர்கள் அதனை அழகென்று சொல்லத் தயங்குவர். இது மாத்திரமன்று. பின்புறத்து மென்மயிர் அடர்ந்து முட்டைகள் கருக்கூடாமல் போவதால், இங்கிலாந்திலேயே இனப்பெருக்கக் காலத்தில் அவ்விடத்து மயிரைக் கத்தரித்துவிடுவது வழக்கமாயிற்று. பரிசு எந்த இறகுக்குக் கிடைத்ததோ, அதனைக் கத்தரித்தால்தான் பரிசு பெற்ற பறவைக்குச் சந்ததி!

5. நம்மவர் இறகு பார்த்த விதம்

இறகை ஆராய்வது வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம் என்று நினைப்போரும் உளர். உறையூருக்குக் கோழி என்றே ஒரு பெயர் வழங்கிய நாட்டில் இது பொருந்தாத நினைப்பு. விழுப்புரம் வட்டாரத்து அரசலாபுரத்தில், களத்தில் நின்ற ஒரு சேவலுக்குச் சுமார் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன் நட்ட கல், சேவலின் உருவத்தோடும் எழுத்தோடும் இன்றும் இருக்கிறது. இந்தளூர்க் கல்லில் சேவலுக்குப் பொற்கொற்றி என்று பெயரே உண்டு. குறுந்தொகையில் குப்பைமேட்டுக் கோழிகளின் சண்டையை உவமையாக்கிய புலவர், அவ்வுவமையாலேயே குப்பைக் கோழியார் என்று பெயர் பெற்றார். புறப்பொருள் வெண்பாமாலை கோழி வென்றி என்றொரு துறையே வகுத்தது.

சேவல் வளர்ப்போர் வாய்மொழியில் நிறங்களுக்கு விரிவான ஓர் அகராதி உண்டு: காகம், வல்லூறு, மயில், ஆந்தை, கோழி என்று பஞ்சபட்சி சாஸ்திரத்துப் பெயர்கள் ஒருபுறம், கீரி, பேடு, செவலை, நூலான் என்பன ஒருபுறம், இவற்றின் கலப்புகள் ஒருபுறம். ஆந்திர எல்லையை ஒட்டிய தங்கவயலில் இதே நிறங்களைக் குக்குட சாஸ்திரத்தின் தெலுங்குப் பெயர்களால் சொல்வாரும் உண்டு. ஆனால் இந்த அகராதி சௌந்தர்யத்துக்காக எழுந்ததன்று. எந்த நிறம் எந்தக் கிழமையில், எந்தப் பட்சத்தில், எந்த ஜாமத்தில் வெல்லும் என்று சொல்லவந்த ஜோதிடம் அது. நிறம் இங்கே சகுனம். இறகின் அமைப்பைப் பொறுத்தவரையிலோ, அசில் சேவலின் இறகு குறுகி, இறுகி, உடலோடு ஒட்டி, மார்பெலும்பின் மேல் தோல் சிவந்து தெரிய நிற்கும். எதிரி கவ்வுவதற்கு இடம் கொடாதது என்பதோடு, சூட்டையும் அடைத்துவைக்காதது. கண்காட்சி வழக்கில் இறகு இறுகியவை, தளர்ந்தவை என்று கோழிகளை இரு பெரும் பிரிவாக்கும்போது அசிலும் ஆர்பிங்டனும் எதிரெதிர்க் கோடிகளில் நிற்பதன் காரணத்தை இரு நாட்டுச் சீதோஷ்ணத்திலும் தேடலாம்.

இங்கே ஒரு சரித்திர ஒற்றுமை கவனிக்கத்தக்கது. 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டம் விலங்குகளையும் பறவைகளையும் சண்டைக்கு ஏவுவதைக் குற்றமாக்கியது. அதன்பின் வந்த காலத்தில், திண்டுக்கல் முதலிய பகுதிகளில், கிளிமூக்கும் விசிறிவாலும் உடைய சேவல்களை அழகுக்கென்றே வளர்த்துக் கண்காட்சிக்கு நிறுத்தும் வழக்கம் ஓங்கிவிட்டது. கிளியின் அலகுபோல் வளைந்து குறுகிய மூக்கு, வெண்முத்துப்போன்ற கண், மண்ணைத் தடவும் வால்: இவற்றுக்கு இலட்ச ரூபாய்க் கணக்கில் விலை கேட்கப்படுவதாக நாளேடுகள் எழுதுகின்றன. இங்கிலாந்து 1849க்குப்பின் நடந்த பாதையில் நாம் நூறாண்டு தள்ளி நடக்கிறோம். களத்தை இழந்த சேவல் கூண்டுக்கு வருகிறது. கூண்டுக்கு வந்தவுடன் வால் நீள்கிறது. விசிறிவால் நீண்டுகொண்டே போனால், சண்டைச் சேவலின் இறுகிய இறகு அதில் எவ்வளவு காலம் எஞ்சும் என்பது பார்ட்டிங்டனின் கதையை அறிந்தவர்களுக்குக் கவலை தரவேண்டிய கேள்வி.

மேற்கண்டவற்றைக் கொண்டு தீர்ப்புச் சொல்வதானால் இவ்வளவு சொல்வேன். நிறம், அடிநிறம், பச்சையொளி, இறகின் முழுமை என்பனவற்றைக் கென்ட் நூலிலிருந்து நாம் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். அவை பறவையின் ஆரோக்கியத்துக்கும் பரம்பரைக்கும் சாட்சி. பருத்த தளர்ச்சியை எடுத்துக்கொள்ளக்கூடாது. அதனை விடுவதால் ஜாதி கெட்டுவிடும் என்பது பொய். 1886இல் குக் கொண்டுவந்த கோழியில் அந்தத் தளர்ச்சி இல்லை, ஆஸ்திரேலியாவுக்குப் போன கிளையிலும் இல்லை. இறகு இறுகிய ஆர்பிங்டனைக் குறையுள்ளது என்று ஒதுக்குகிறவர்கள், தாங்கள் வணங்கும் மூலபுருஷருடைய பறவையையே ஒதுக்குகிறார்கள்.

6. மறுபடியும் அந்த வாசலில்

குளித்த பெட்டையைத் துண்டில் சுற்றி வெயில் படாத திண்ணையில் வைத்துவிட்டு, நண்பர் என்னைப் பின்கட்டுக்கு அழைத்துச் சென்றார். அங்கே ஒரு பஞ்சாரத்தின் கீழ் இன்னொரு பொன்னிறப் பெட்டை அடைபடுத்திருந்தது. அதே தாய்க்குப் பிறந்தது. ஆனால் இறகு ஒட்டி, இடுப்புத் தெரிந்து, நாட்டுக்கோழியின் சாயலாயிருந்தது. பதினொரு முட்டைகளில் ஒன்பது கருக்கூடியவை என்று விளக்குவெளிச்சத்தில் பார்த்துவைத்திருந்தார். திண்ணையிலிருக்கும் அழகியின் முட்டைகளையும் முந்தின மாதம் இதன்கீழ்தான் வைத்தாராம். எட்டில் ஒன்று பொரித்தது. கத்தரிக்கோலை எடுத்துப் பின்மயிரைக் குறைத்தபின் நிலைமை சற்றுத் தேவலை என்றார்.

அடுத்த கண்காட்சிக்கு எதைக் கொண்டுபோகப் போகிறீர்கள் என்று கேட்டேன். என் எண்ணத்தையும், அதாவது பஞ்சாரத்துப் பெட்டைதான் உண்மையான ஆர்பிங்டன் என்பதையும், கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்லிவைத்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது சரிதான் சார். இத நான் யாருக்கும் குடுக்கவும் மாட்டேன். ஆனா ஜட்ஜுக்கு அது தெரியணுமே" என்று சொல்லிவிட்டு, திண்ணைக்குத் திரும்பி, துண்டைப் பிரித்து, ஒரு பழைய ஹேர் டிரையரைச் செருகி, அழகியின் இறகுகளை வேரிலிருந்து மேல்நோக்கி ஊதத் தொடங்கினார். காற்று உள்ளே நுழைய நுழையக் கோழி பெருத்துக்கொண்டே வந்தது.